சக்கரம், அணா, நயா பைசா: எல்லைச் சிற்றூர்களில் கணக்கறிவு வளர்ந்த வரலாறு

சென்ற ஆண்டு மாசித் திங்களில், பாறசாலைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரின் படிப்பகத்தில் 'நிதிசார் எழுத்தறிவு முகாம்' ஒன்று நடைபெற்றது. ஒரு வங்கியின் இளம் அலுவலர் வந்திருந்தார். உண்டியல் படம் ஒன்றைத் திரையில் காட்டி, சேமிப்பு என்றால் என்ன, வட்டி என்றால் என்ன, செலவுக்கு முன்னே திட்டமிடுவது எப்படி என்று அவர் மலையாளத்தில் விளக்கிக் கொண்டிருந்தார். வந்திருந்தோரில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டில் தமிழ் பேசி, கடைத்தெருவில் மலையாளம் பேசுவோர்.

எண்பதை நெருங்கிய மூதாட்டி ஒருவர் நடுவில் எழுந்தார். பனையேறியின் மனைவியாக வாழ்ந்து, பின் கைம்பெண்ணாக நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். "மக்களே, ஒரு கணக்கு கேக்கட்டா? இருபது பேரு, ஆளுக்கு நூறு ரூவா சீட்டு. மூணாம் மாசம் நானூறு தள்ளி ஒருத்தி எடுக்கா. அந்த மாசம் மத்தவ கட்ட வேண்டியது எம்புட்டு?" என்றார். அலுவலர் அலைபேசியை எடுத்தார். அவர் விரல் எண்களைத் தேடுமுன்னரே, பின்வரிசையிலிருந்து மூன்று குரல்கள் விடை சொல்லிவிட்டன. அவை சிரித்தது. அந்த இளைஞரும் நல்ல மனத்தர், கூடவே சிரித்தார். ஆயினும் அடுத்த படம் மீண்டும் உண்டியலாகவே இருந்தது.

அன்று வீடு திரும்பியபோது என் உள்ளத்தில் எழுந்த வினாவே இக்கட்டுரைக்கு வித்து. அந்த மூதாட்டி எந்தப் பள்ளியிலும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். அவருக்கு இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? பணத்தைப் பற்றிய அறிவை ஏழைகளுக்கு எவர் கற்பித்தனர், எப்போது கற்பித்தனர், அதற்கு அவர்கள் என்ன விலை கொடுத்தனர்? எம் எல்லைப்புறத்தின் இருநூறு ஆண்டு வரலாற்றைப் புரட்டினால், இவ்வறிவு அரசியல் மாற்றங்களின் ஊடே பிறந்து, பொருளியல் இடர்களின் ஊடே வளர்ந்திருப்பது புலனாகும்.

வள்ளுவப் பெருந்தகை 'பொருள் செயல்வகை'யை எங்கே வைத்தார் என்பதை நோக்குக. அரசும் அமைச்சும் பேசி, நாடும் அரணும் பேசி முடித்த பின்னரே, எழுபத்தாறாம் அதிகாரமாக அதை அமைத்தார். அடுத்து வருவது படைமாட்சி. பொருளை ஆட்சியினின்று பிரித்துத் தனி மனிதனின் சிக்கனமாக மட்டும் அவர் கருதவில்லை என்று கொள்ள இடமுண்டு.

பழந்தமிழ்த் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி இருந்தது. முந்திரி, காணி, மா, வீசம், அரைக்கால் என்று முந்நூற்றிருபதில் ஒரு பங்கு வரை பிள்ளைகள் வாய்ப்பாடாக ஒப்பித்தனர். இன்றைய பட்டதாரி எழுத்தனாகிய யான் அவற்றில் பாதியைக் கூடப் பிழையின்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் திண்ணையில் அமர எல்லாருக்கும் இடம் இருந்ததா? தென் திருவிதாங்கூரில் பனையேறியின் பிள்ளைக்கும், வயலில் அடிமையாய் உழைத்தவன் பிள்ளைக்கும் அத்திண்ணை அடைத்தே கிடந்தது. கணக்கு கணக்கனின் கையில் இருந்தது. வரி கொடுப்பவனுக்குத் தான் எவ்வளவு கொடுத்தான் என்பது தெரியும்; எவ்வளவு எழுதிக்கொள்ளப்பட்டது என்பது தெரியாது.

அந்த வரிகளும் எத்தனை வகை! நிலத்துக்கு வரி, பனைக்கு வரி, தலைக்கு வரி. தாழ்த்தப்பட்டவர் எனக் கருதப்பட்ட சாதியினர் உயிரோடிருப்பதற்கே தலைவரி செலுத்தினர். 1838இல் திருவனந்தபுரத்தில் சிறைவைக்கப்பட்ட அய்யா வைகுண்டர், இத்தகைய வரிக்கொடுமையை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் என்பதை நம்மவர் அறிவர். 'நான் எதற்காக இதைக் கொடுக்கிறேன்?' என்னும் கேள்வியே கணக்கறிவின் முதற்பாடம் என்றால், அப்பாடம் இப்பக்கத்தில் தொடங்கியது அக்காலத்தில்தான்.

மாற்றம் வந்தது கும்பகோணத்தில் பிறந்த திவான் மாதவராயரின் காலத்தில். அவர் பதவியிலிருந்தபோது, 1860களில், சிறு வரிகள் பல நீக்கப்பட்டன. 1865இல் பண்டாரப்பாட்ட விளம்பரம் வெளியாயிற்று. அரசு நிலத்தைப் பயிரிட்டு வந்த குடிகளுக்கு அந்நிலத்தின் மீது முழு உரிமை கிடைத்தது. விற்கலாம், ஒற்றி வைக்கலாம், பிள்ளைகளுக்கு விடலாம். அதே ஆண்டில் பிரித்தானிய இந்தியாவோடும் கொச்சியோடும் செய்துகொண்ட உடன்பாட்டால் வாணிகச் சரக்குகளின் சுங்கத் தடைகள் பெரிதும் தளர்ந்தன.

இந்த விளம்பரத்தைப் போற்றாதவர் இல்லை. ஆயினும் ஒன்றைச் சேர்த்தே சொல்லவேண்டும். விற்கவும் ஒற்றி வைக்கவும் உரிமை பெற்ற நிலம், கடனுக்கும் ஈடாக மாறிவிட்டது. நேற்றுவரை குடியானவனிடம் பிடுங்குவதற்கு ஒன்றுமில்லை. இன்று அவன் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாதவன், கைநாட்டு வைத்த இடத்திலேயே நிலத்தை இழந்தான். எழுத்தறிவு உணவைப் போல் தேவையானது அப்போதுதான்.

அவ்வெழுத்தறிவை இப்பக்கத்து எளிய மக்களுக்குக் கொண்டுவந்ததில் இலண்டன் மிஷன் சங்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1806இல் திருவிதாங்கூருக்கு வந்த ரிங்கல்தௌபே மைலாடியை நடுவமாகக் கொண்டு உழைத்தார்; பின்னர் நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை எனப் பணி விரிந்தது. ஜான் ஆப்ஸும் சாமுவேல் மட்டீரும் பாறசாலையில் பணியாற்றியவர்கள். யான் இங்குச் சமயத்தைப் பற்றிப் பேச வரவில்லை. பள்ளியையும் கணக்கையும் பற்றியே பேசுகிறேன். 1821இல் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்குச் சரிகைப் பின்னல் கற்பித்தார். அப்பின்னலை விற்ற காசிலிருந்து சில பெண்கள் தம்மை அடிமைத்தளையினின்று மீட்டுக்கொண்டனர் என்பது பதிவாகியிருக்கும் செய்தி. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855இல். அதற்கு முன்னரே, தன் விடுதலைக்கு விலை என்ன, ஒரு முழம் பின்னலுக்குக் கூலி என்ன, எத்தனை முழம் பின்னினால் விடுதலை என்று ஒரு பெண் கணக்கிட்டிருக்க வேண்டும். சேமிப்பு என்னும் சொல்லுக்கு இதைவிடக் கனமான பொருளை யான் எங்கும் கண்டதில்லை.

நெய்யாற்றின்கரை வட்டத்தின் வெங்கானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளியின் போராட்டமும் இவ்வரிசையில் வைக்கத்தக்கது. 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவிய அவர், தம் மக்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்கமாட்டோம் என்று வேலைநிறுத்தம் நடத்தினார். பள்ளிக்காக உழவுத்தொழிலாளர் கைவேலையை நிறுத்திய நிகழ்ச்சி உலக வரலாற்றிலேயே அரிது. ஊருட்டம்பலத்துப் பள்ளியில் அவர் ஒரு சிறுமியைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றபோது அப்பள்ளியே தீக்கிரையானது. அக்கூலி மக்கள் கேட்டது எழுத்து. அவ்வெழுத்துக்குள் கூலிக்கணக்கும் அடங்கியிருந்தது என்பதை அவர்களைத் தடுத்தவர்களும் அறிந்தே இருந்தனர்.

நெய்யாற்றின்கரை தந்த இன்னொருவரையும் நினைவுகூராமல் செல்லக்கூடாது. சுதேசாபிமானி இராமகிருஷ்ணபிள்ளை திவானைக் கண்டித்து எழுதியதற்காக 1910இல் நாடுகடத்தப்பட்டார். ஈராண்டு கழித்து, 1912இல், கார்ல் மார்க்சின் வரலாற்றை மலையாளத்தில் சிறு நூலாக எழுதினார். மூலதனம் பற்றி எழுதியவரைக் குறித்து முதலில் எழுதிய மலையாளி எம் வட்டத்துக்காரர் என்பதில் எமக்கு ஒரு சிறு பெருமை உண்டு; அதை மறைப்பானேன்?

இனி நாணயத்துக்கு வருவோம். என் பாட்டனார் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே சாலையோரத்தில் ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அவருடைய பற்றுவரவு ஏடு ஒன்று இன்றும் என்னிடம் உள்ளது. அதில் பக்கந்தோறும் தொகை இருமுறை எழுதப்பட்டிருக்கும்: ஒருபுறம் சக்கரம், மறுபுறம் ரூபாய். சிறுவனாயிருந்தபோது அது அவருடைய வீண் வேலை என்றே எண்ணினேன்.

திருவிதாங்கூருக்குத் தனி நாணயம் இருந்தது. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு சர்க்கார் ரூபாய். ஆரல்வாய்மொழிக்கு அப்பாலோ பிரித்தானிய ரூபாய். 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். இரண்டுக்கும் மாற்று என்ன? ஒரு பிரித்தானிய ரூபாய்க்கு 28 சக்கரம் 8 காசு. அப்படியானால் ஓர் அணாவுக்கு? 28 சக்கரம் 8 காசு என்பது 456 காசு. பதினாறால் வகுத்தால் இருபத்தெட்டரைக் காசு, அதாவது ஒரு சக்கரம் பன்னிரண்டரைக் காசு. அரைக்காசு என்று ஒரு நாணயம் கைக்கு வராது. அந்த அரைக்காசு யாருக்குப் போகும்? விற்பவனுக்கா, வாங்குபவனுக்கா? நாள்தோறும் நூறு பேர் வந்துபோகும் கடையில் அது சிறு கேள்வியன்று. திருநெல்வேலியிலிருந்து வந்த மிளகாயும் மல்லியும் அணாவில் விலை பேசப்பட்டன; பாறசாலைக் கருப்புக்கட்டியும் தேங்காயும் சக்கரத்தில் விற்கப்பட்டன. கடைக்காரன் மட்டுமா, கருப்புக்கட்டி கொண்டுவந்து மிளகாய் வாங்கிச் சென்ற பெண்ணும் இரு நாட்டு நாணயத்தையும் மனத்தில் பெருக்கி வகுத்தாள். இன்று அயல்நாட்டு நாணய மாற்று என்று நாம் பெரிதாகப் பேசுவதை அவள் இடுப்பில் பிள்ளையோடு நின்று செய்தாள்.

பாலராமபுரத்துச் சாலியர் தெருக்களிலும் இதே நிலைதான். பாலராமவர்ம மன்னர் காலத்தில் தமிழகத்திலிருந்து குடியேற்றப்பட்ட நெசவாளர் அவர்கள். நம்மைப் போலவே பிழைப்பை நாடி இடம்பெயர்ந்தோர், நமக்கு ஏழெட்டுத் தலைமுறை மூத்தோர். நூல் ஒரு கணக்கு, கூலி ஒரு கணக்கு, முதலாளி தந்த முன்பணம் மற்றொரு கணக்கு. முன்பணம் தீராதவரை நெசவாளி வேறு தறிக்குப் போக இயலாது. கடன்சீட்டைப் படிக்கத் தெரிவதற்கும் தறியை மாற்றிக்கொள்ளும் உரிமைக்கும் இருந்த தொடர்பை அத்தெருக்களில் எவரும் விளக்க வேண்டியதில்லை. கூட்டுறவுச் சட்டம் திருவிதாங்கூரில் 1914இல் வந்தது. அதன்பின் சங்கங்கள் மெல்லத் தலையெடுத்தன.

வங்கியும் சங்கமும் எட்டாத இடத்தில் மக்கள் தமக்குத் தாமே அமைத்துக்கொண்ட வங்கிதான் சீட்டு. வடக்கே குறி என்பர், இங்கே சிட்டி என்பர். முகாமில் மூதாட்டி கேட்ட கணக்கை இங்கே விரித்துக் காண்போம். 20 பேர், மாதம் 100 ரூபாய், 20 மாதம். ஒவ்வொரு மாதமும் திரள்வது 2,000 ரூபாய். அவசரத் தேவையுள்ளவர் 400 ரூபாய் தள்ளி 1,600க்கு எடுக்கிறார். தள்ளிய 400இல் நடத்துபவருக்கு நூற்றுக்கு ஐந்தாக 100 ரூபாய் போக, எஞ்சிய 300 இருபது பேருக்கும் பங்காகிறது; தலைக்கு 15. ஆகவே அம்மாதம் ஒவ்வொருவரும் கட்டவேண்டியது 85 ரூபாய். முதலில் எடுப்பவர் கடன் வாங்கியவர். இறுதியில் எடுப்பவர் வட்டிக்குக் கொடுத்தவர். இடையில் நிற்போர் இரண்டும் ஆவர். மகள் திருமணம் எந்த மாதம், பள்ளிக் கட்டணம் எந்த மாதம், மழையில் வேலை நிற்பது எந்த மாதம் என்று எண்ணிப் பார்த்தே ஒரு பெண் தன் ஏலத்தைக் கூறுவாள். எதிரே இருப்பவளின் தேவை எவ்வளவு என்பதை அவள் முகத்திலிருந்தே கணிப்பாள். இதை எந்த உண்டியல் படம் கற்பிக்கும்?

ஆனால் சீட்டு பிடித்தவன் ஓடிவிட்டால்? என் அன்னையார் 1990களில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் சிறுகச் சிறுகக் கட்டிய பணம் ஒரே இரவில் மறைந்தது. கதவில் தொங்கிய பூட்டை அவர் இரண்டு நாள் சென்று பார்த்து வந்தார். கணக்கில் அவர் தவறவில்லை. அவர் கணக்குக்கு வெளியே இருந்தது நிறுவனத்தின் நாணயம். அதைக் காக்க வேண்டியது சட்டம். திருவிதாங்கூர் 1120ஆம் கொல்லம் ஆண்டில் சிட்டிச் சட்டம் ஒன்றை இயற்றியது, அதாவது 1945. 1969இல் கேரள அரசே திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு சிட்டி நடத்தும் நிறுவனத்தைத் தொடங்கியது. 1975இல் கேரளம் தனக்கெனச் சிட்டிச் சட்டம் செய்தது. களியக்காவிளைக்கு அப்பால் 1961ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம். நடுவணரசின் 1982ஆம் ஆண்டுச் சட்டம் கேரளத்தில் நடைமுறைக்கு வந்தது 2012இல்தான். ஒரே தெருவின் இரு முனைகளில் இரு சட்டங்கள் பல்லாண்டு நிலவின. தெருவில் இருந்தவரோ அண்ணன் தம்பியர்.

இவ்வரலாற்றில் 1938ஆம் ஆண்டு ஒரு பெருங்காயம். அவ்வாண்டு பிப்ரவரியில் பொறுப்பாட்சி கோரித் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தோன்றியது. திவானாக இருந்தவர் சர் சி. பி. இராமசாமி ஐயர். 1912இல் திருவல்லாவில் கே. சி. மாம்மன் மாப்பிள்ளை தொடங்கிய திருவிதாங்கூர் நேஷனல் வங்கியும், சி. பி. மாத்தனின் குயிலோன் வங்கியும் 1937இல்தான் இணைந்து ஒன்றாகியிருந்தன. இணைந்த வங்கியின் மீது வதந்தி கிளம்பியது. மக்கள் பணத்தை எடுக்க ஓடினர். 1938 ஜூனில் வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது. அக்டோபரில் இருவரும் கைது செய்யப்பட்டனர். பின்னர்ச் சிறைத் தண்டனையும் அடைந்தனர். மாம்மன் மாப்பிள்ளையின் மலையாள மனோரமா இதழும் அவ்வாண்டு செப்டம்பரில் பூட்டப்பட்டது. காங்கிரசுக்கு ஆதரவாக நின்றதற்காக அரசு வங்கியை வீழ்த்தியது என்பர் ஒரு சாரார். வங்கியின் கடன்களே சீராக இல்லை என்பர் மற்றொரு சாரார். எழுத்தன் கண்ணால் காணும்போது, இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்கக்கூடும் என்றே எனக்குத் தோன்றுகிறது. நலிந்த வீட்டைத்தான் தள்ளுவது எளிது.

அதே ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வீரராகவன் உள்ளிட்டோர் உயிர் துறந்தனர். வங்கி மூடியதும் துப்பாக்கி வெடித்ததும் இரண்டரை மாத இடைவெளியில். இவ்விரண்டையும் தனித்தனி அத்தியாயங்களில் படிக்கும் நாம், அக்காலத்து நெய்யாற்றின்கரை வாசிக்கு அவை ஒரே கோடைமழைக் காலத்துச் செய்திகள் என்பதை மறந்துவிடுகிறோம். என் பாட்டனாரிடம் வங்கியில் போடும் அளவுக்குப் பணம் இருந்ததில்லை. ஆயினும் வாழ்நாள் இறுதிவரை அவர் வங்கிப் படியை மிதிக்கவில்லை. இதை அறியாமை என்று ஒரு முகாமில் எழுதிவைத்தால் அது நேர்மையாகாது.

அந்த வீழ்ச்சியின் பயன் இந்தியா முழுமைக்கும் கிட்டியது. 1935இல் தோன்றிய ரிசர்வ் வங்கி, இவ்வீழ்ச்சிக்குப் பின் 1939இல் வங்கிகளுக்கெனத் தனிச் சட்டம் வேண்டும் என்று முன்மொழிந்தது. 1949இல் அது சட்டமாயிற்று. 1960 ஆகஸ்டில் மீண்டும் ஓர் இடி. 1927இல் தொடங்கிய பாலாய் சென்ட்ரல் வங்கி ரிசர்வ் வங்கியின் வேண்டுகோளின்படி நீதிமன்ற ஆணையால் மூடப்பட்டது. அதை அடுத்து 1961இல் வைப்புத்தொகைக் காப்புறுதிக்குச் சட்டம் வந்தது. 1962 ஜனவரி 1 முதல், வங்கி வீழ்ந்தாலும் 1,500 ரூபாய் வரை திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி பிறந்தது. அவ்வரம்பு படிப்படியாக உயர்ந்து 1993இல் ஒரு இலட்சமாகி, 2020இல் ஐந்து இலட்சமாயிற்று. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் இன்று அச்சமின்றி வங்கியில் பணம் போடுகிறார் என்றால், அதற்கான பள்ளிக் கட்டணத்தில் பெரும்பகுதியைப் பழைய திருவிதாங்கூர் மண்ணின் சிறு சேமிப்பாளர்கள் செலுத்தியிருக்கிறார்கள். முகாமில் ஐந்து இலட்சம் பற்றிச் சொன்னார்கள். அது எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை.

1949 ஜூலை 1ஆம் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. அதையடுத்துச் சக்கரம் வழக்கொழிந்தது, அணா வந்தது. 1951 ஏப்ரலில் திருவிதாங்கூரின் அஞ்சல் துறை இந்திய தபால் துறையோடு கலந்தது. இன்று தமிழகமெங்கும் தபாலை அஞ்சல் என்று சொல்கிறார்களே, அச்சொல் இம்மண்ணில் அரசுத் துறையின் பெயராகவே இருந்தது என்பதை இடையே ஒரு குறிப்பாகச் சொல்லி வைக்கிறேன்.

அடுத்து வந்தது எல்லை. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் போராட்டமும், நேசமணி முதலானோரின் உழைப்பும், 1954 ஆகஸ்டு 11இல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் சிந்திய குருதியும் நாம் அறிந்தவை. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சந்தை ஒருபுறமும் வீடு ஒருபுறமுமாகப் பலர் பிரிந்தனர். ஐந்தே மாதங்களில், 1957 ஏப்ரல் 1ஆம் நாள், நயா பைசா வந்தது. எட்டாண்டுக்குள் சக்கரம், அணா, நயா பைசா என மூன்று நாணய முறைகள். நடுவில் ஒரு மாநில எல்லை. வேறெந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இவ்வளவு கடினமான தேர்வு வைக்கப்பட்டது?

எல்லை புதிய கணக்குகளையும் கற்பித்தது. 1960களில் உணவுத் தட்டுப்பாடு வந்து, மாநிலம் விட்டு மாநிலம் அரிசி செல்லத் தடை வந்தபோது, களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே அரிசி விலை ஒரு மதில்போல் உயர்ந்து நின்றது. சேலை மடிப்பிலும் ஓலைப்பெட்டியின் அடியிலும் சில படி அரிசியை மறைத்து நடந்த பெண்கள் பலர். பிடிபட்டால் போகும் முதல் எவ்வளவு, தப்பினால் வரும் ஆதாயம் எவ்வளவு, வாரத்தில் எத்தனை நாள் பிடிபட்டால் தாங்கும் என்பது அவர்களுக்கு அத்துபடி. காப்புறுதி நிறுவனத்தார் இடர்க் கணிப்பு என்று சொல்வது இதைத்தான். சட்டத்தை மீறியதை யான் புகழவில்லை; பசித்த வீட்டின் கணக்கை மட்டும் பதிவு செய்கிறேன். அமரவிளைச் சோதனைச்சாவடியில் சரக்கு வண்டிகள் வரிசையாக நின்ற காட்சி 2017இல் புதிய வரிமுறை வரும்வரை நீடித்தது.

இன்னொரு வேடிக்கை. 1967இல் கேரள அரசு பரிசுச்சீட்டைத் தொடங்கியது. சீட்டு ஒரு ரூபாய், முதற் பரிசு 50,000 ரூபாய். தமிழகம் 2003இல் பரிசுச்சீட்டைத் தடைசெய்தது. அதன்பின் தெற்கேயிருந்து பாறசாலைக்கு வந்து சீட்டு வாங்கிச் செல்வோர் பெருகினர். சேமிப்பு முகாம் நடந்த படிப்பகத்துக்கு எதிரிலேயே அரசின் பரிசுச்சீட்டுக் கடை. இரண்டையும் நடத்துவது பொதுநிறுவனங்கள். எதை நம்புவது என்று தீர்மானிக்க வேண்டியது மட்டும் அந்த மூதாட்டியின் பொறுப்பு.

இனி, இம்மலரைப் படிக்கும் குடும்பங்களோடு நேரடியாக ஒரு செய்தி பேச வேண்டும். பிழைப்புக்காகத் தமிழ் வழங்கா இடங்களில் வாழ்பவர் நாம். வங்கிப் படிவங்கள் ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி ஆகிய மூன்றிலும் அமைய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறி. பாறசாலையில் வட்டார மொழி மலையாளம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் மாநில அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்த உரிமை தருகிறது; வங்கி அந்தச் சட்டத்துக்குள் வராது. ஆகவே ஞாயிறுதோறும் காலையில் என் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேர் படிவங்களோடு அமர்ந்திருப்பர். ஓய்வூதியம், நகைக்கடன், காப்புறுதி, குடும்பஸ்ரீக் குழுவின் சேமிப்பு ஏடு. 1998இல் தொடங்கிய அந்தக் குழுக்களின் ஏடுகளைப் பெண்களே எழுதுகிறார்கள். கூட்டலில் பிழை காண்பது அரிது. வங்கிப் படிவத்தில்தான் அவர்கள் தயங்குகிறார்கள். 'இதில் எனக்குப் பாதகமாக ஏதும் எழுதியிருக்கிறதா, சார்?' என்பதே அவர்கள் முதற் கேள்வி. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பண்டாரப்பாட்டக் காகிதத்தைக் கையில் வைத்திருந்தவன் கேட்ட கேள்வியும் அதுவாகவே இருந்திருக்கும்.

சங்கங்கள் நடத்தும் ஞாயிறு வகுப்புகளில் பிள்ளைகளுக்குச் செய்யுள் கற்பிக்கிறோம், நன்று. அதே வகுப்பில் பாட்டிமார் கொண்டுவரும் ஒரு கடன் ஒப்பந்தத்தைத் தமிழில் சொல்லிக்கொடுக்க அரைமணி ஒதுக்கலாகாதா என்று கேட்கிறேன். நம்மிடையே வங்கியிலும் தணிக்கையிலும் பணியாற்றுவோர் எத்தனை பேர்!

பாட்டனாரின் ஏட்டை மீண்டும் எடுத்துப் பார்க்கிறேன். 1957 ஏப்ரல் மாதப் பக்கம். சக்கரக் கோடு மறைந்திருக்கிறது. அணாவும் நயா பைசாவும் அருகருகே. அரசு தந்த மாற்று வாய்ப்பாட்டை மேலே எழுதி வைத்திருக்கிறார்: ஓர் அணா 6, இரண்டு அணா 12, மூன்று அணா 19, நான்கு அணா 25. அதன் கீழே, பென்சிலால், தமக்கென ஒரு குறிப்பு. நான்கு அணாச் சரக்கை ஒருமிக்க வாங்கினால் 25 கிடைக்கிறது; அணா அணாவாக நான்கு முறை வாங்கினால் 24தான் கிடைக்கிறது. அணாச் சரக்கு வாங்குவோர் அனைவரும் கூலிக்காரர். ஏப்ரல் முழுவதற்கும் கூட்டி, தமக்கு நேர்ந்த இழப்பு ஒரு ரூபாய் 12 நயா பைசா என்று எழுதியிருக்கிறார். அதற்கடுத்த வரியில், 'மூன்று அணாச் சரக்கில் கால் பைசா நமக்குக் கூடுதல். அதைக் கழிக்கவேண்டும்' என்று எழுதி, கழித்து, தொகையைத் திருத்தியிருக்கிறார்.